ஹாங்காங் போகிறோம்: கான்டனீஸ் கற்க வேண்டுமா, மாண்டரின் போதுமா?

திருநகர்_செல்வன்

வணக்கம் நண்பர்களே. கம்பெனியில் என்னை ஹாங்காங் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். மூன்று வருட ஒப்பந்தம், நீளவும் வாய்ப்பு உண்டு. மனைவியும் நான்கு வயது மகளும் கூட வருகிறார்கள். அலுவலகத்தில் ஆங்கிலம்தான், அதில் பிரச்சினை இல்லை.

எங்கள் மேலாளர், "கான்டனீஸ் சாகிற மொழி, பிள்ளைக்கு மாண்டரின் கற்றுக்கொடு, நாளைக்குச் சோறு போடும்" என்கிறார். அங்கே ஆறேழு வருடம் இருந்து வந்த இன்னொருவரோ, "இரண்டும் வேண்டாம், ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம்" என்கிறார். இரண்டு பேரும் விவரம் தெரிந்தவர்கள், அதுதான் குழப்பம். அன்றாட வாழ்க்கையில், அதாவது பஸ், கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் இங்கெல்லாம் எந்த மொழி ஓடுகிறது? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நேர்பேச்சு

மேலாளர் சொல்வதுதான் சரி. சீனா முழுக்க மாண்டரின். கான்டனீஸ் ஒரு மூலையில் பேசுகிற பேச்சு. மூன்று வருடத்துக்கு ஆறு தொனி (குரல் ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தமே மாறும்) உள்ள மொழியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? மாண்டரினில் நான்குதான்.

நேதன்ரோடு_வாசி

சாகிற மொழி இவ்வளவு சத்தமாகவா இருக்கும்? வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிம்சம் கடையில் உட்கார்ந்து பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் பேசுவது உங்கள் காதில் விழாது.

செல்வன், 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 88.2 சதவீதம் பேர் வழக்கமாகப் பேசும் மொழி கான்டனீஸ். ஆங்கிலம் 4.6, மாண்டரின் 2.3. இதுதான் தெருவின் நிலவரம். ஆனால் "ஆங்கிலம் போதும்" என்ற நண்பரும் பொய் சொல்லவில்லை. அவர் வாழ்ந்தது ஆங்கிலம் போதுமான ஹாங்காங்கில். அரசுப் படிவம், வங்கி, அவசர உதவிக்கான 999, மின்கட்டணம், குடியேற்ற அலுவலகம் எல்லாமே ஆங்கிலத்தில் ஒழுங்காக நடக்கும். எம்.டி.ஆர் ரயிலில் முதலில் கான்டனீஸ், அடுத்து மாண்டரின், கடைசியில் ஆங்கிலம் என்று மூன்றிலும் அறிவிப்பு வரும். சென்ட்ரலில் வேலை, மிட்லெவல்ஸில் வீடு என்றால் பத்து வருடம்கூட ஒரு வார்த்தை கற்காமல் இருக்கலாம். அப்படி இருப்பவர்கள் ஏராளம்.

அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. சிவப்பு மினிபஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 19 இருக்கை. பெரும்பாலும் மணி கிடையாது. இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்னால் ஓட்டுநருக்குக் கேட்கும்படி "யாவ் லோக்!" என்று கத்த வேண்டும். எங்கே இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது: பாலம் தாண்டி, போக்குவரத்து விளக்குக்கு முன்னால் என்று. ஓட்டுநர் திரும்ப மாட்டார், கையை லேசாகத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான் ரசீது. கூச்சப்பட்டுக் கத்தாமல் இருந்தால் அடுத்த பேட்டையில் இறங்கி நடக்க வேண்டியதுதான். புதிதாக வந்தவர்கள் வேறு யாராவது கத்துவதற்காகக் காத்திருந்து, அவர்களோடு சேர்ந்து இறங்கிவிடுவார்கள்.

காய்கறி மார்க்கெட்டும் அப்படித்தான். விலைப்பலகையில் இருப்பது கிலோ இல்லை, "கன்". ஒரு கன் சுமார் 605 கிராம். எல்லை தாண்டிப் பெருநிலச் சீனாவின் ஷென்சென் போனால் அதே பெயரில் 500 கிராம். கான்டனீஸில் விலை கேட்டால் ஒரு பிடி வெங்காயத்தாள் சும்மா போடுவார்கள், நம் ஊரில் கறிவேப்பிலை போடுவது போல.

சா சான் டெங் என்கிற டீக்கடைகள் தனி உலகம். ஆங்கில மெனு கேட்டால் பல இடங்களில் தருவார்கள், ஆனால் அதில் காலைச் சலுகை செட் இருக்காது. ஆர்டர் எழுதிக்கொள்பவர் "லெங் சாய்" ஒன்று என்று உள்ளே குரல் கொடுப்பார். அழகான பையன் என்று அர்த்தம், கேட்டது வெள்ளைச் சோறு. மிரண்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் உங்கள் கட்டடத்துக் காவலாளி, லிஃப்ட் ரிப்பேர்க்காரர், பள்ளிப் பேருந்தில் வரும் அம்மா, பார்சல் கொண்டுவருபவர். இவர்களோடு ஆங்கிலம் ஓடாது, மாண்டரினும் தடுமாறும். உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் இவர்களோடு அதிகம் பேச வேண்டிவரும்.

இலக்கணப்புலி

ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லாமே அதில்தான் தொங்குகிறது. ஹாங்காங் சட்டத்தில் கான்டனீஸ் என்ற பெயரே இல்லை.

1974 வரை ஆங்கிலம் மட்டும்தான் ஆட்சிமொழி. அந்த ஆண்டு வந்த சட்டம் "சீனமும்" ஆட்சிமொழி என்றது. ஹாங்காங் சீனாவிடம் போன 1997இல் அமலுக்கு வந்த அடிப்படைச் சட்டத்தின் 9ஆவது பிரிவும் சீனம் என்றுதான் சொல்கிறது, ஆங்கிலமும் பயன்படுத்தலாம் என்கிறது. எந்தச் சீனம்? எழுதவில்லை. சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கான்டனீஸில் பேசுகிறார்கள், கீழ் நீதிமன்றங்களில் சாட்சி விசாரணை கான்டனீஸில் நடக்கிறது, தொலைக்காட்சிச் செய்தி கான்டனீஸ். எல்லாம் வழக்கத்தால் நடப்பது. வழக்கத்தை மாற்றச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

2014 தொடக்கத்தில் கல்வித்துறை தன் இணையதளத்தில், கான்டனீஸ் ஆட்சிமொழி அல்லாத ஒரு சீன வட்டார மொழி என்று எழுதப்போய்ப் பெரிய ரகளை ஆனது. துறை மன்னிப்புக் கேட்டு அந்த வரியை எடுத்தது. வரியை எடுத்தார்களே தவிர, நிலைமை மாறவில்லை.

இன்னொன்று, தமிழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. பள்ளிக் கட்டுரை, அரசு அறிவிப்பு, பத்திரிகைத் தலையங்கம் எல்லாம் பொதுச் சீன எழுத்து நடையில் இருக்கும். அதன் இலக்கணம் மாண்டரினை ஒட்டியது. வாசிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் கான்டனீஸ் உச்சரிப்பில் வாசிப்பார்கள். பேச்சை அப்படியே எழுதுவது விளம்பரத்திலும் கிசுகிசுப் பத்திகளிலும் வாட்ஸ்அப்பிலும்தான். டிவி நாடகத்தில் நடிகர் ஒன்று சொல்வார், கீழே வசன வரி வேறு சொற்களில் ஓடும். அதனால் நேர்பேச்சு சொல்கிற "மூலையில் பேசுகிற பேச்சு" என்பது மேலோட்டமான பார்வை.

நேர்பேச்சு

புலி, நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். சட்டத்தில் பெயர் இல்லை, எழுத்து மாண்டரின் வழி. அப்புறம் என்ன இருக்கிறது? 2022 டிசம்பரில் திறமையாளர் விசா திட்டம் தொடங்கியதிலிருந்து அதில் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெருநிலச் சீனர்கள். மால்களில் இப்போதே மாண்டரின்தான் கேட்கிறது. பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்_ஜவுளி

பத்து வருடம் யோசிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் ரயிலில் போனால் போதும். குவாங்சோ. இந்த மொழியின் தாய்வீடே அதுதான், கான்டன் என்பது அந்த ஊரின் பழைய ஆங்கிலப் பெயர்.

1957இலிருந்து வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கான்டன் சந்தைக்கு நான் போவது வழக்கம். அது முடிந்ததும் ஹாய்சு பகுதியில் இருக்கிற ஜோங்தா துணிச் சந்தைக்குப் போவேன். அங்கே துணி வெட்டுபவர்களும் தைப்பவர்களும் பெரும்பாலும் ஹூபேய் மாகாணத்துக்காரர்கள். அவர்களுக்கும் எனக்கும் கான்டனீஸ் சமமாகத் தெரியாது! பேரம் முழுக்க மாண்டரின், கால்குலேட்டர், கை ஜாடை. பழைய குடியிருப்புச் சந்துகளிலும் காலை டீக்கடையிலும்தான் கான்டனீஸ் கேட்கும், பேசுபவர்களும் பெரியவர்களாகவே இருப்பார்கள். பேரப்பிள்ளை மாண்டரினில் பதில் சொல்லும், பாட்டி புரிந்துகொள்வார்.

2010இல் அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் நகரத் தொலைக்காட்சியின் முக்கிய நிகழ்ச்சிகளை மாண்டரினுக்கு மாற்றலாம் என்று நகர ஆலோசனைக் குழுவிலிருந்து ஒரு யோசனை வந்தது. ஜூலை 25ஆம் தேதி ஜியாங்நான்ஷி மெட்ரோ நிலையத்துக்கு வெளியே பெருங்கூட்டம் கூடி எதிர்த்தது. அந்த யோசனை ஏற்கப்படவில்லை. ஆனால் 2012இல் அமலுக்கு வந்த மாகாண விதிகள், வட்டார மொழியில் ஒலிபரப்ப அனுமதி வேண்டும் என்று வைத்துவிட்டன. பள்ளியில் மாண்டரின்தான். மெட்ரோவில் இன்றும் மாண்டரினுக்கு அடுத்து கான்டனீஸ் அறிவிப்பு வருகிறது. அறிவிப்பைக் கேட்கிற பிள்ளைகள் அதில் பேசுவதில்லை என்பதுதான் சங்கடம்.

ஈப்போ_தமிழன்

அண்ணே, எங்கள் ஊர்க் கதை நேர்மாறு. சட்டமும் இல்லை, பள்ளியும் இல்லை, மெட்ரோ அறிவிப்பும் இல்லை. ஆனாலும் மலேசியாவில், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சீனர்கள் ஒருவரையொருவர் தெரியாத இடத்தில் சந்தித்தால் முதலில் வாயில் வருவது கான்டனீஸ். வீட்டில் ஹக்கா, ஹொக்கியன் போன்ற வேறு சீன மொழி பேசுகிறவர்களும் வெளியே அதில்தான் பேசுவார்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கம் தோண்டியவர்களில் நிறைய பேர் கான்டனீஸும் ஹக்காவும். சுரங்கம் போனாலும் மொழி கடைத்தெருவில் தங்கிவிட்டது. அப்புறம் 80களில் ஹாங்காங் தொடர்நாடக வீடியோ கேசட்டுகள். வாடகைக் கடையில் வரிசை நிற்கும். எங்கள் தெருவில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் அதைப் பார்த்தே மொழியைப் பிடித்துக்கொண்டன.

என் அப்பா லாரி ஓட்டினார். மார்க்கெட்டில் அவர் பேசுகிற கான்டனீஸைக் கேட்டுச் சீனர்களே திரும்பிப் பார்ப்பார்கள். எந்த வகுப்புக்கும் போனதில்லை. பேசினால்தான் விலை குறையும், கடன் கிடைக்கும். அதுதான் வகுப்பு. நாங்களே தமிழில் "சாப்பாடு தாபாவ் பண்ணு" (பார்சல் கட்டு), "விஷயத்தைக் காவ்தீம் பண்ணிட்டேன்" (முடித்துவிட்டேன்) என்று சொல்கிறோம், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் ஒன்று. சீனப் பள்ளிகளில் பாடமொழி மாண்டரின். இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளும் சேர்த்து, கடையில் மாண்டரினில்தான் கேட்கிறார்கள். கடைக்காரரின் மகனும் அப்படியே. அப்பா காலத்துக் கடைக்காரர்கள் ஓய்வு பெற்றதும் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் லா.

தேக்கா_அக்கா

சிங்கப்பூரில் அது நடந்து முடிந்துவிட்டது தம்பி.

1979இல் லீ குவான் யூ "மாண்டரின் பேசுவோம்" இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் டிவியிலும் ரேடியோவிலும் மற்ற சீன மொழிகள் நிறுத்தப்பட்டன. ரீடிஃப்யூஷன் என்கிற கம்பி வானொலியில் லீ டாய் சோ என்பவர் கான்டனீஸில் கதை சொல்வார். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அது 1982இல் நின்றது. ஹாங்காங் தொடர்கள் வந்தன, ஆனால் மாண்டரின் குரல் கொடுக்கப்பட்டு வந்தன. என் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அதே நடிகர்களை வாயடைத்தவர்கள் போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒன்றும் புரியாது.

2010 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழியாக இந்தச் சீனப் பேச்சுமொழிகள் எல்லாம் சேர்ந்து 14.3 சதவீதம். 2020இல் 8.7. தமிழ் 2.5. இப்போது இதைக் கவனியுங்கள்: 2.5 சதவீதத் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி, தொலைக்காட்சி, வானொலி, பாடத்திட்டம், நாடாளுமன்றத்தில் பேசும் உரிமை எல்லாம் உண்டு. 8.7 சதவீதத்துக்கு ஒன்றும் கிடையாது. நான் குறை சொல்லவில்லை, தமிழுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இந்தியர் பகுதியான தேக்காவைத் தாண்டினால் முன்பின் தெரியாத இரண்டு தமிழர்கள் ஆங்கிலத்தில்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். நமக்கு அரசுப் பலகையில் இடம் கிடைத்தது. ஈப்போத் தம்பியின் அப்பாவுக்குத் தெருவில் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லை.

முதியவர்களுக்கு அரசு எதையாவது விளக்க வேண்டும் என்றால் மட்டும் பழைய மொழிகள் திரும்பி வருகின்றன. 2014இல் முன்னோடித் தலைமுறைத் திட்டம் என்ற முதியோர் மருத்துவ உதவித் திட்டத்தை ஹொக்கியனிலும் கான்டனீஸிலும் விளக்கினார்கள். கோவிட் தடுப்பூசி போடச் சொல்லவும் அதுதான்.

நேர்பேச்சு

அக்கா, சிங்கப்பூர் அதனால் நன்றாகத்தானே இருக்கிறது? பொதுமொழி வந்தது, பிழைப்பு வந்தது. நஷ்டம் யாருக்கு?

தேக்கா_அக்கா

அந்தப் பாட்டிக்கு. பேத்தியோடு பேச முடியாமலேயே போய்விட்டார். பிழைப்புக்கு மாண்டரின் தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவே இல்லையே. இரண்டும் இருந்திருக்கலாம் என்கிறேன்.

லாம்டின்_பையன்

நான் ஹாங்காங்கில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காயல்பட்டினத்திலிருந்து ரத்தினக்கல் வியாபாரத்துக்கு வந்தவர். சிம் சா சுய் பகுதியில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறைய. செல்வன் அண்ணன் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் சீனர்களைப் பற்றியே பேசுகிறார்கள்.

நான் கான்டனீஸ் பேசுவேன். உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது, போனில் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது. நேரில் போய் அதே கான்டனீஸில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். முகத்தைப் பார்த்துவிட்டு மொழியை மாற்றிவிடுகிறார்கள். சிலர் மாற்றாமல் "அட, என்ன அழகாகப் பேசுகிறாய்!" என்பார்கள். மீன் உருண்டை இரண்டு குச்சி வாங்கியதற்குப் பாராட்டு. இங்கேயே பிறந்தவனுக்கு அது பாராட்டாகத் தெரிவதில்லை.

ஆனால் பேச்சில் இல்லை பிரச்சினை, எழுத்தில். நான் படித்தது சிறுபான்மைப் பிள்ளைகள் அதிகம் இருந்த பள்ளி. அங்கே சொல்லிக்கொடுத்த சீனம் மிக எளிது. பிரிட்டனின் ஜிசிஎஸ்இ சீனத் தேர்வை எழுதினோம். பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதன் தரம் உள்ளூர்ப் பிள்ளை ஆரம்பப் பள்ளியில் கற்பதைவிடத் தாண்டாது. வேலைக்கு நேர்முகத் தேர்வு வரும்போது முதல் பாதி நன்றாகப் போகும். பிறகு ஒரு சீனச் சுற்றறிக்கையைக் கையில் கொடுத்து, படித்துச் சுருக்கிச் சொல்லச் சொல்வார்கள். அத்தோடு முடிந்தது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கென்று தனியாகக் குறிக்கப்பட்ட பள்ளிகள் என்ற ஏற்பாட்டை 2013இல் அரசு கைவிட்டது, 2014இல் இரண்டாம் மொழியாகச் சீனம் கற்க ஒரு பாடத்திட்டச் சட்டகம் வந்தது. என் தங்கைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

உள்ளூர்ப் பள்ளிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2008இலிருந்து சீனப் பாடத்தை மட்டும் மாண்டரினில் நடத்த அரசு நிதி கொடுத்து ஊக்குவித்தது. அதனால் கணக்கு கான்டனீஸில், சீனப் பாடம் மாண்டரினில் என்று ஆன பள்ளிகள் நிறைய. உள்ளூர்ப் பிள்ளைக்கு வீட்டில் ஒன்று இருக்கிறது, சமாளிக்கும். நம் பிள்ளை வீட்டில் தமிழ், பள்ளியில் மூன்று என்று நிற்கும்.

அண்ணே, அரசு உதவியில் இயங்குகிற ஒரு மொழிபெயர்ப்பு மையம் இருக்கிறது. இந்தி, உருது, பஞ்சாபி, நேபாளி, இந்தோனேசியம், தகலாக், தாய், வியட்நாமிய மொழி என்று எட்டு மொழிகளுக்குத் துணை செய்வார்கள். தமிழ் இல்லை. அம்மாவை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் மொழிபெயர்ப்பாளர் நான்தான். எட்டு வயதிலிருந்து.

இலக்கணப்புலி

தம்பி சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமானது. நாமெல்லாம் "மொழி பிழைக்குமா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அந்த மொழி உயிரோடு, பலமாக, எதிரில் நிற்கிறது. பேச்சில் உள்ளே விடுகிறது, காகிதத்தில் வெளியே தள்ளுகிறது.

நேர்பேச்சு சார், மாண்டரின் மால்களில் கேட்கிறது என்பது உண்மை. ஆனால் கான்டனீஸைக் காப்பது ஆர்வலர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் ஒரு கான்டனீஸ் வளர்ச்சி அமைப்பு, தான் நடத்திய போட்டிக்கு வந்த ஒரு கதையைப் பற்றித் தேசியப் பாதுகாப்புப் போலீஸ் விசாரித்ததையடுத்துத் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அதனால் மினிபஸ்ஸில் ஒருவர்கூட வேறு மொழியில் கத்தவில்லை. கீழ் நீதிமன்றமும், சந்தையும், ஆரம்பப் பள்ளி மைதானமும் கான்டனீஸில் நடக்கிறவரை அது நிற்கும். குவாங்சோவில் பள்ளி போனது, அதற்குப் பின் மெட்ரோ அறிவிப்பு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மட்டுறுத்துநர்

அரசியலை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். செல்வனின் கேள்வி பயன்பாடு பற்றியது.

திருநகர்_செல்வன்

எல்லோருக்கும் நன்றி. லாம்டின் தம்பி எழுதியதை மனைவி இரண்டு முறை படித்துவிட்டாள். மகளை உள்ளூர் மழலையர் பள்ளியில் போடலாமா என்று யோசிக்கிறோம். மூன்று வருடத்தில் திரும்பி வந்துவிட்டால் வீண்தானே என்பது என் தயக்கம். சர்வதேசப் பள்ளிக்குக் கம்பெனி பாதிப் பணம் தருகிறது.

நேர்பேச்சு

மூன்று வருடம்தான் என்பது உறுதியானால் சர்வதேசப் பள்ளி, மாண்டரின். என் கருத்து மாறவில்லை.

லாம்டின்_பையன்

மூன்று வருடம் என்று வந்த எங்கள் தாத்தா இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். நீளலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீண்டால் எட்டு வயதில் உள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றவே முடியாது, எழுத்தில் எட்டிப்பிடிக்க வாய்ப்பில்லை. நான்கு வயதில் போட்டால் பேச்சு ஆறு மாதத்தில் வந்துவிடும், எழுத்தும் மற்ற பிள்ளைகளோடு ஒரே கோட்டில் தொடங்கும். பிறகு எப்போது வேண்டுமானாலும் சர்வதேசப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கதவு ஒருபக்கம்தான் திறக்கும்.

ஒன்று மட்டும் விசாரியுங்கள்: வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் கான்டனீஸ் பேசுகிறவர்கள்? "சிறுபான்மையினருக்கு உகந்த பள்ளி" என்று யாராவது பரிந்துரைத்தால், அங்கே எல்லாப் பிள்ளைகளும் நம்மைப் போலவே இருந்தால், கான்டனீஸ் வராது. எனக்கு வந்ததே கீழ்வீட்டுப் பையன்களோடு பந்து விளையாடியதால்தான்.

நேதன்ரோடு_வாசி

நான்கு வயது என்றால் மழலையர் பள்ளியின் இரண்டாம் ஆண்டு, கே2 வகுப்பு. கே1இல் சேர்ந்த பிள்ளைகளே தொடர்வதால் இடம் குறைவாக இருக்கும், வந்து இறங்குவதற்கு முன்பே பள்ளிகளுக்கு எழுதிக் கேளுங்கள். முதல் வகுப்புக்குச் செப்டம்பரில் 5 வயது 8 மாதம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பம் அதற்கு முந்தைய வருடச் செப்டம்பரில். தேதி தவறினால் உங்களுக்குப் பிடித்த பள்ளி கிடைக்காது.

வீட்டம்மாவுக்கு: சிறுபான்மையினருக்கான ஆதரவு மையங்களில் இலவச கான்டனீஸ் வகுப்பு நடக்கிறது. யுட்பிங் என்கிற ரோமன் எழுத்து முறையில் தொடங்குங்கள். எண்கள், விலை, இடது, வலது, இறங்க வேண்டும். இது போதும் முதல் மாதத்துக்கு. எந்தப் பகுதியில் வீடு பார்க்கிறீர்கள்?

திருநகர்_செல்வன்

ஷாம் ஷுய் போ, இல்லை என்றால் துன் முன். வாடகையைப் பொறுத்து.

நேதன்ரோடு_வாசி

இரண்டிலும் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. நல்ல தேர்வு. துன் முன் என்றால் அலுவலகத்துக்குத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.